டவர் மாறும் ஊர்

சாவடியில் இறங்கி வலதுபக்கம் பார்த்தால்
வாளையாறுக்காக மூச்சுவாங்கி நிற்கும் லாரிகள்.
இடதுபக்கம் கல்லூரி.
இரண்டுக்கும் நடுவே
மாரிதுர்கா எடுத்திருக்கும் அறை.

விடுதியில் இடமில்லை என்றார்கள்.
இருந்தாலும் கட்டியிருக்க முடியாது, அது வேறு.
ஒரு தாளில் கையெழுத்து கேட்டார்கள்:
வளாகக் கதவுக்கு வெளியே நேர்வதற்கு
நிர்வாகம் பொறுப்பல்ல.
பேனா எழுதவில்லை. உதறினேன்.
பக்கத்து நாற்காலி சங்கரன்கோவில்காரர்
தன்னுடையதைத் தந்தார்.
அவருக்கும் பெண்தான்.

"தெருவிளக்கெல்லாம் எரியுதும்மா" என்று சொல்லியிருந்தாள்.
அன்று சாயங்காலம் நானே நடந்து எண்ணினேன்.
பதினோரு கம்பம். எரிந்தது நாலு.
ஐந்தாவதையும் சேர்க்கலாம்,
கணவாய்க் காற்று ஆட்டிவிடும்போது மட்டும்.

வீட்டுக்காரச் சேச்சி தங்கமணி.
எட்டு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவாள்.
"பேடிக்க வேண்டாம், உங்க மோள் எனக்கும் மோளு."
இன்னொரு சாவி யாரிடம் என்றேன்.
மகனிடம் என்றாள்.
மகன் எங்கே?
துபாயில். சாவியும் அவனோடு போய்விட்டது.

தார்ச்சாலை வழி கல்லூரிக்கு இரண்டு கிலோமீட்டர்.
தண்டவாளத்தை ஒட்டினால் பத்தே நிமிடம்.
யானையே ஏமாந்துபோகும் தண்டவாளம்.
அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று
என் தலையில் கைவைத்துச் சொன்னாள்.
அவள் செருப்பில் ஜல்லிப்பொடி அப்பியிருந்தது.
நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

போடியில் எனக்கு இரண்டாம் ஷிப்ட்.
மில்லுக்குள் போன் கூடாது, பெட்டியில் போட்டுவிட வேண்டும்.
எட்டு மணிநேரம் எனக்கு மகள் கிடையாது,
அறுந்த நூலை முடிகிற இரண்டு விரல் மட்டும்.
பன்னிரண்டுக்கு மேல்தான், வேன் குலுங்கக் குலுங்க,
மேப்பைத் திறந்து நீலப் புள்ளியைத் தேடுவேன்.

நேற்று புள்ளி கேரளாவில் இருந்தது.

சேச்சி வீட்டில் இல்லை. சாவடியிலேயே இல்லை.
எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம்
தெருப்பெயர் ஏதுமில்லாமல்
பச்சை மட்டும் கிடக்கிற இடத்தில்.

வேன் என்னை இறக்கிவிட்டுப் போயிற்று.
முதல் அழைப்பில் ஒரு பெண் மலையாளத்தில் பேசினாள்.
"இப்போள்" மட்டும் புரிந்தது.
இரண்டாவதிலும் அவளே.
மூன்றாவது அடித்துக்கொண்டே இருந்தது.
அதற்குள் நான்
அந்த ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனில்
எந்த மொழியில் அழுவது என்கிற வரைக்கும் போய்விட்டேன்.

நாலாவதில் கிசுகிசுப்பாக:
"ரூம்லதாம்மா இருக்கேன். மழை.
கரண்ட் போனா வாளையாறு டவர் இழுத்துக்கும்,
புள்ளியும் அங்க போயிரும்.
ரெபெக்காவுக்கு நாளைக்குப் பரீட்சை, தூங்குறா.
பாத்ரூம்ல நின்னு பேசுறேன்."

திட்ட வாயெடுத்தேன்.

"நீ ஏன் பதினஞ்சு நிமிஷமா
ஒரே எடத்துல நிக்கிற?"

என்னது?

"ஒயின்ஷாப் முக்குல. வேன் எறக்கிவிட்ட எடத்துலயே.
தெனமும் நீ ரயில்வே கேட்டைத் தாண்டுனப்புறம்தான்
நான் படுப்பேன்.
இன்னைக்கு உன் புள்ளி நகரவே இல்ல."

நிமிர்ந்து பார்த்தேன்.
ஷட்டர் இறங்கிய கடை. படியில் மூன்று பேர்.
ஒருவன் எழுந்துகொண்டிருந்தான்.
என் தலைக்கு மேலே கம்பம்,
பல்பு போய் இரண்டு மாதம்.

"லைட்டு எரியுதா அங்க?"

"எல்லாம் எரியுது."

"போனை வைக்காத. பேசிக்கிட்டே போ."

என்ன பேச.
சாப்பிட்டியா என்றேன்.
கப்பை என்றாள், சேச்சி கொடுத்ததாம்.
பின்னால் ஒரு செருப்புச் சத்தம் சேர்ந்துகொண்டது.
கப்பைக்குத் தொட்டுக்க என்ன என்று
சத்தமாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி
விசாரித்துக்கொண்டே
கேட்டைப் பார்த்து நடந்தேன்.